கூட்டிச் சொன்ன ஒரு வார்த்தை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே துர்குன் அண்ணா வந்து விருந்துக்குக் கேரட் நறுக்க உட்கார்ந்துவிட்டார். ஆறு கிலோ. ஒவ்வொரு கீற்றும் தீக்குச்சி கனம். உஸ்பெக் நாட்டு நமங்கான் நகரத்தில் பதினெட்டு வருடம் மயக்க மருந்து டாக்டராக இருந்த கை அது. ஹாம்பர்க்கில் அந்தக் கை ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தது. அவருடைய படிப்பை இங்கே ஏற்க வேண்டுமானால், ஏதாவது ஒரு மருத்துவமனையில் மூன்று மாதம் டாக்டர்களோடு கூட நின்று பழகியதாகக் கடிதம் வேண்டும். எழுதிப் போட்ட இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்கள். விசா ஜூன் வரைதான்.

நடுவில் தேநீர் போட்டு எனக்கும் கொடுத்தார். இரண்டு மடக்குத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றக் கூடாதா என்று கேட்டேன்.

"கிண்ணம் நிறைய ஊத்தி உன்னைத் துரத்தச் சொல்றியா? குடி, திரும்பத் திரும்ப ஊத்தறேன்," என்று சிரித்தார். விருந்தாளியை அனுப்ப நினைத்தால்தான் எங்களில் கிண்ணத்தை நிறைப்பார்கள். கேரட்டைப் பார்த்தபடியே, "இன்னைக்கு வர்ற டாக்டரம்மாகிட்ட நீயே பேச்செடு தம்பி. நானாக் கேட்டா எனக்கு நாக்கு எழாது," என்றும் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஹாம்பர்க்கில் வேலை பார்க்கும் எங்கள் உஸ்பெக்குகளை ஒன்று சேர்ப்பது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. எனக்குச் சோறு போடுவது பாலம் கட்டும் கம்பெனி. மாதம் ஒரு ஞாயிறு ஒரு படகு கிளப்பின் கூடத்தை எடுத்து, அண்டா நிறைய புலாவ் செய்வோம். என்ஜினீயர், வக்கீல், வங்கிக்காரர் என்று நாற்பது பேர் வருவார்கள். ஒருவரை ஒருவர் கைதூக்கிவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். நடப்பது என்னவோ, யார் எவ்வளவு பெரிய நாற்காலியில் இருக்கிறார் என்று எடை போடுவதுதான். அண்ணாவை அந்த மாதம் நான் வற்புறுத்தி அழைத்ததற்குக் காரணம் மவ்ஜூதா அக்கா. பெரிய மருத்துவமனை ஒன்றில் இருதய அறுவைப் பிரிவின் தலைவி, முதல்முறையாக வருகிறார்.

சாப்பாட்டுக்கு முன் விருந்தாளிகளை ஒவ்வொருவராகச் சபைக்குச் சொல்வது விருந்து வைப்பவனின் கடமை. சொல்லும்போது ஒரு படி ஏற்றித்தான் சொல்வோம். கணக்கர் அன்றைக்கு நிதி இயக்குநர் ஆவார். வாடகைக் கார் வைத்திருப்பவர் போக்குவரத்துத் தொழிலதிபர். எங்களில் யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. விருந்தாளியும் மறுத்துப் பேசமாட்டார். பேசினால் விருந்து வைத்தவனுக்குத்தான் அவமானம். துர்குன் அண்ணாவின் முறை வந்தது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். காலர் மட்டும் நைந்திருந்தது. முதியோர் இல்லம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நமங்கான்ல பேர்பெற்ற டாக்டர். இப்ப இங்கயும் ஒரு பெரிய மருத்துவமனையிலதான் இருக்கார்," என்றேன்.

அண்ணா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு நெஞ்சில் கைவைத்துச் சபைக்குத் தலை தாழ்த்தினார்.

புலாவ் வந்தது. மவ்ஜூதா அக்கா அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஒளிவுமறைவு இல்லாத பெண். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லவேளை டாக்டர், உங்களப் பாத்தேன். என் பிரிவுல மூணு மாசம் கூட நின்னு பழக ஒரு இடம் இருக்கு. அங்கீகாரத்துக்குக் காத்திட்டிருக்கற நம்மாளு யாராவது தெரியுமா? நாளைக்குள்ள பேர் குடுக்கணும்," என்றார்.

அண்ணாவின் கை தட்டுக்கு மேல் அப்படியே நின்றது.

"விசாரிச்சுச் சொல்றேங்க," என்றார்.

பக்கத்தில்தான் நான் இருந்தேன். இவரே அந்த ஆள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொன்னால் நாற்பது பேர் முன்னால் நான் பொய்யன், அவர் அதற்குத் துணை போனவர். சோற்றிலிருந்த முழுப்பூண்டை எடுத்துப் பல் பல்லாகப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அக்காவைத் தனியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவருக்கோ மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்து, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். திங்கட்கிழமை நான்கு தடவை போன் செய்தேன். அறுவை அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை அவரே அழைத்தார். உண்மையைச் சொன்னேன்.

"நேத்து சாயங்காலமே வேற ஒரு பொண்ணோட பேரைக் குடுத்துட்டேனே தம்பி. அந்த மனுஷன் ஏன் வாயைத் திறக்கல?"

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

மே கடைசியில் அண்ணாவின் அறைக்குப் போனேன். ஊர் திரும்பப் பெட்டி கட்டியாகிவிட்டது. என் மனைவி, பிள்ளைகள், நான் கட்டும் பாலம் என்று முறைப்படி ஒவ்வொன்றாக நலம் விசாரித்தார். தப்புப் பண்ணிவிட்டேன் அண்ணா, உங்களைப் பெரிதாகக் காட்டத்தான் அப்படிச் சொன்னேன் என்றேன். சொல்லும்போதே கூசியது. பெரிதாகக் காட்ட நினைத்தது அவரையா என்னையா என்பது எனக்குத் தெரியும்.

"மரியாதை பண்ணினே, இல்லேங்கல," என்றார் மெதுவாக. "எனக்கு அன்னைக்கு வேண்டியிருந்தது அந்த இடம்தான் தம்பி."

தேநீரை வழக்கம்போல மூன்று முறை கிண்ணத்தில் ஊற்றித் திரும்பவும் கெண்டியிலேயே விட்டார். பிறகு எனக்கு ஊற்ற ஆரம்பித்தார். இரண்டு மடக்கு அளவில் நிறுத்தவில்லை. பாதியைத் தாண்டியது. கை துளியும் நடுங்காமல் விளிம்புவரை ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் என் பக்கம் நகர்த்தினார்.

சட்டென்று குடித்துவிட்டு எழுந்துவிட முடியாத சூடு. இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, அது ஆறும்வரை அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.