எல்லைமாடன் கல்லின் மிச்ச வரிகள்

வாருங்கள், நல்லாண்குறிச்சிப் படித்துறைக்கு வந்து நில்லுங்கள். தாமிரபரணி தென்கரையை உரசிக்கொண்டு ஓடுகிற இந்த இடத்தில், பட்டப்பகலில், மாலை மரியாதையோடும் கைதட்டலோடும் ஒரு களவு நடந்தது. பொன் போகவில்லை, பொருள் போகவில்லை. கல்லில் வெட்டிய எழுத்துப் போயிற்று. ஒன்பது வரிகள் உள்ள கல்வெட்டை ஆறு வரிகளோடு நிறுத்தி, மிச்சம் தேய்ந்துபோயிற்று என்று ஒரு பெரிய மனிதர் அறிவித்தார். ஊரே கேட்டது. அது பொய் என்று அறிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இரண்டே பேர். ஒருவர் சொன்னவர். மற்றவள் பொன்செல்வி.

பொன்செல்வி விக்கிரமசிங்கபுரத்தில் கணக்கு ஆசிரியை. அவள் தகப்பன் பிறந்தது நல்லாண்குறிச்சிக் கீழத்தெருவில். இளவயதிலேயே ஊரை உதறிவிட்டு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய், அங்கேயே குடும்பமாகிவிட்டவர். மகள் படித்தாள், பணியில் சேர்ந்தாள், தென்கரை வரலாற்றுக் கழகத்திலும் சேர்ந்தாள். ஞாயிறுதோறும் கழகத்தாரோடு புறப்பட்டு, இடிந்த மண்டபங்களின் நெற்றியில் முளைத்த அரசங்கன்றுகளைப் பிடுங்குவாள், முள் வெட்டுவாள், கல்வெட்டுகளை மைப்படி எடுப்பாள். நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுக்கிற அந்த வேலையில் அவளுக்கு நிகர் கழகத்தில் இல்லை.

கீழத்தெருவுக்கும் படித்துறைக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. கீழத்தெருவார் அதை எல்லைமாடன் என்று கும்பிட்டார்கள். ஆண்டுக்கொரு கொடை விழா, சேவல் பலி, எண்ணெய்க்காப்பு, மஞ்சள் காப்பு. அந்தக் கல்லைத் தாண்டி மேற்கே கால் வைத்தால் மாடன் அடிப்பான் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகையால் படித்துறைப் பக்கம் போகாமல், ஓடையைச் சுற்றிப் போய், எருமை குளிப்பாட்டும் சேற்றுத்துறையில் தண்ணீர் எடுத்தார்கள். பிறகு குழாய் வந்தது. சட்டம் வந்தது. செல்பேசியும் வந்தது. கால் மட்டும் அந்தக் கல்லடியில் நின்றுவிடும்.

மாடனுக்குப் பூசாரி கொம்பையா, பொன்செல்வியின் சித்தப்பா. மின்வாரியத்தில் கம்பியாளாக இருந்து ஓய்வு பெற்றவர். புயல் இரவில் கம்பத்தில் ஏறியவர் அந்தக் கல்லைத் தாண்டியதில்லை. கழகத்தார் கல்லைத் துலக்கிப் பார்க்க அனுமதி கேட்டபோது அவர் மனமுவந்து சம்மதித்தார். வெந்நீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க எண்ணெய்ப் பிசுக்கு அடை அடையாக உரிந்தது. உள்ளே எழுத்து, நேற்று வெட்டியதுபோல. மழையும் காற்றும் அண்டாமல் தலைமுறை தலைமுறையாகப் பூசிய எண்ணெயே அதைக் காத்து வைத்திருந்தது.

மைப்படியை அன்று மாலையே பொன்செல்வியும் கழகத் தலைவர் பெருமாள்ராஜும் அவருடைய உரக்கடை மேசையில் விரித்து வாசித்தார்கள். கொல்லம் ஆண்டுக் கணக்கில் தேதி. பிறகு, சிவனணைந்தபெருமாள் என்பவர் இந்தப் படித்துறையைக் கட்டி வைத்த புகழ். பெருமாள்ராஜின் கண் கலங்கிற்று. அது அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் பெயர். ஏழாம் வரியைத் தொட்டதும் அவர் விரல் நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் மாட்டவில்லை.

கழகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிய கல் எதுவானாலும், அது நிற்கிற இடத்தில் ஊரார் முன்னிலையில் தலைவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அங்கே வாசிக்காத வரி கழகத்தின் இதழில் அச்சேறாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில்தான் பெருமாள்ராஜ் ஆறு வரிகளோடு நிறுத்தினார். அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. அடுத்த ஞாயிறே மாடனுக்குத் தம் செலவில் கோயில் எழுப்புவதாகவும், கல்லைச் சுற்றிலும் டைல்ஸ் பதித்துத் தருவதாகவும் அறிவித்தார். கீழத்தெரு குலவையிட்டது. கொம்பையா கைகூப்பி நின்றார்.

"எங்க மாடனுக்கு ராஜா காலத்துப் பட்டயம் இருக்கு, தாயி. கேட்டியா?" என்று அவர் பொன்செல்வியின் கையைப் பிடித்தார். அந்த முகத்துக்கு நேரே எதைச் சொல்வது?

சொல்ல வேண்டியவரிடம் சொன்னாள். அன்று பிற்பகல், உரக்கடை மாடியில் இருக்கும் கழக அறையில்.

"அண்ணாச்சி, ஏழாவது வரி தேயல."

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சா சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க? உங்க சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டுட்டு நிக்காரு. வே கொம்பையா, நீரு கும்பிடுத கல்லு உம்ம முதுகுல சாட்டை அடிக்க எங்க பாட்டன் நட்டதுன்னு மைக்குல சொல்லவா?"

கழகச் செயலாளர் சாலோமி சன்னலோரம் அமர்ந்து தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டையில் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். "படி கட்டுனது உங்க பாட்டன்னு மைக்குல சொன்னீங்கள்லா அண்ணாச்சி," என்றார். "அப்பம் சாட்டை எடுத்தது யாரு பாட்டன்?"

"உங்களுக்கு வேடிக்கை, சாலோமியம்மா. நான் இந்த ஊர்ல இருக்கணும்."

"சித்தப்பாவும் இந்த ஊர்லதான் இருக்காரு," என்றாள் பொன்செல்வி. "டைல்ஸ் எழுத்துக்கு மேல வருமா, வராதா?"

பெருமாள்ராஜ் எழுந்து நின்றார். கெட்ட மனிதர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர். ஆனால் நல்லவர்களின் கூச்சத்தைப்போல உண்மைக்கு உறுதியான சமாதி வேறில்லை. அதற்குப் பளபளப்பான டைல்ஸும் பதித்துத் தருவார்கள்.

"ஒண்ணு செய்யுதேன்," என்றார் கடைசியில். "கீழத்தெருவே வந்து மிச்சத்த வாசின்னு சொல்லட்டும். வாசிக்கேன். சொல்ல மாட்டாங்க டீச்சர். எந்த மனுசன் தன் சாமிய விட்டுக்குடுப்பான்?"

அவர் கணக்கு சரியாகவே இருந்தது. பொன்செல்விக்குப் பெருமாள்ராஜிடம் அச்சமில்லை. அவள் அஞ்சியது சித்தப்பாவின் முகத்துக்கு. மில் வாசல் தொழிற்சங்கக் கூட்டங்களில் முழங்கிய அவள் அப்பாவும் கொடைக்கு வந்தால் அந்தக் கல்லடியில் சைக்கிளை நிறுத்திவிடுவார். அப்படிப்பட்ட தெய்வத்தை ஒரு தாளைக் காட்டிப் பறிப்பதா? பறிக்காவிட்டாலோ, ஒரு வாரத்தில் சிமெண்டு பூசப்படும். 'எங்க ஊர்ல அப்படியெல்லாம் எப்பவும் கிடையாது' என்று பெருமாள்ராஜின் மேலத்தெரு சொல்லிவருகிற பேச்சு என்றைக்கும் உண்மையாகிவிடும்.

மறுநாள் பள்ளி விட்டதும் மைப்படிச் சுருளோடு கீழத்தெருவுக்கு வந்தாள்.

"வாட்டி செல்வி. பட்டயத்தக் கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன் சித்தப்பா. முழுசும் கொண்டாந்தேன்."

கட்டிலின்மேல் விரித்தாள். தெரு கூடிற்று. ஆறு வரிகளைக் கடந்து, நிறுத்தாமல் வாசித்தாள். 'இந்தக் கல்லுக்கு மேற்கே கீழச்சேரியார் குடை பிடித்தும் செருப்பிட்டும் செப்புக்குடம் எடுத்தும் வரக் கடவதில்லை. மீறி வந்தார்க்கு முதுகிலே பன்னிரண்டு சாட்டை. சந்திர சூரியர் உள்ளமட்டும் இது நடக்கக் கடவது. இப்படிக்குச் சிவனணைந்தபெருமாள்.'

"மறுக்கா வாசி," என்றார் கொம்பையா. வாசித்தாள்.

"இதுல மாடன் எங்கன வாரான்?"

"மாடன் பேரே கல்லுல இல்ல சித்தப்பா."

அவர் முகம் சுண்டிற்று. "ஒன்னைய எவன் இதைய வாசிக்கச் சொன்னான்? நாப்பது கொடை நின்னுருக்கேன். எங்கய்யா நின்னாரு, அவருக்கு அய்யா நின்னாரு. நீ வெளிய போயிட்டே, படிச்சுட்டே, ஒனக்குச் சாமி வேண்டாம். எங்களுக்கு வேணும். சுருட்டி எடுத்துட்டுப் போ."

"பொல்லாப்பு எதுக்கு, கோயில் வருது, வாங்கிக்கிடுவோம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பொன்செல்வி தாளைச் சுருட்டத் தொடங்கினாள். சுருளின் மறுமுனையை ஒரு கை அழுத்திப் பிடித்தது. கொம்பையாவின் அக்காள் மகள் முப்பிடாதி.

"இரு செல்வி," என்றாள் அவள். பிறகு கொம்பையாவைப் பார்த்தாள். "மாமா, எங்கம்மை நெறமாசத்துல எருமைத்துறைல வழுக்கி விழுந்தா, பெறவு எந்திரிக்கல. நான் பின்னாலயே போனேன், பாத்துக்கிட்டே நின்னேன். கல்லுப்படி கூப்பிடு தூரத்துல இருந்துச்சு. அம்மை ஏன் அங்கன போகலன்னு உங்ககிட்ட கேட்டதுக்கு, மாடன் அடிப்பான்னு நீங்கதான் சொன்னிய. அடிக்கக் காத்திருந்தவன் மாடன் இல்லன்னு இப்பம்லா தெரியுது."

கொம்பையா கட்டிலருகே மெல்லக் குந்தினார். அக்காளைத் தூக்கி வந்த தோள் அவருடையது. கறுத்த தாளில் வெள்ளையாய்த் தெரிந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினார்.

"சாட்டைன்னு எங்கன எழுதியிருக்கு?"

பொன்செல்வி காட்டினாள். அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தவர், தொண்டைக்குள்ளேயே சிரித்தார். "எண்ணெயப் பூசிப் பூசி நாமளே இதையப் பத்திரமா வச்சிருந்திருக்கோம், பாரேன்." நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். "குடை, செருப்பு, குடம். எல்லார் வீட்லயும் இருக்குல்லா?"

ஞாயிறு காலை பெருமாள்ராஜ் கல்லருகே வந்து நின்றார். கொத்தனார் சங்கிலிபூதத்தான் டைல்ஸ் பெட்டிகளை இறக்கிச் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார். மழை இல்லை, வெயிலும் ஏறவில்லை. அப்போது கீழத்தெரு திரும்பும் முனையில் குடைகள் தெரிந்தன. கருங்குடை, பூப்போட்ட மடக்குக்குடை, கம்பி ஒடிந்து ஒருபக்கம் தொங்கிய குடை. ஆணும் பெண்ணும் காலில் செருப்போடு வந்தார்கள். செப்புக்குடம் இருந்தவர்கள் புளி போட்டுத் துலக்கி எடுத்து வந்தார்கள். இல்லாதவர்கள் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார்கள். தலைமுறைகளாகத் தலைகுனிந்து நின்ற இடத்தில் அந்த ஊர்வலம் வந்து நிமிர்ந்து நின்றது.

கொம்பையா முன்னால் வந்தார். வாழ்நாளெல்லாம் முதலாளி என்றே அழைத்தவரை அன்று, "அண்ணாச்சி," என்று கூப்பிட்டார். "மிச்சத்தையும் வாசிங்க. கேக்கத்தான் வந்திருக்கோம்."

பெருமாள்ராஜ் பொன்செல்வியைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. சாலோமியும் முப்பிடாதியும் மைப்படியை ஆளுக்கொரு முனையாக உயர்த்திப் பிடித்தார்கள்.

"கண்ணாடியத் துடைச்சுத் தரவா அண்ணாச்சி?" என்றார் சாலோமி.

அவர் தாமே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஏழாம் வரி உதட்டுக்குள் முனகலாய் வந்தது.

"கேக்கல அண்ணாச்சி. பின்னால பொம்பளைக நிக்காங்க," என்றார் கொம்பையா.

பெருமாள்ராஜ் மூச்சை இழுத்து முதலிலிருந்து வாசித்தார். குடையை வாசித்தார், செருப்பை வாசித்தார். சாட்டையை வாசிக்கும்போது குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒன்பதாம் வரியில் தம் பாட்டன் பெயரையும் ஊர் கேட்க உரக்கச் சொன்னார். குலத்தின் பெருமையைச் சொன்ன வாயே குலத்தின் பழியையும் சொல்லிற்று. அந்த நொடியில்தான் அவர் அந்தக் கழகத்துக்குத் தலைவராக நின்றார் என்று பொன்செல்விக்குத் தோன்றிற்று.

கொம்பையா குடையை விரித்தார். வலது காலைத் தூக்கினார். கால் கல்லுக்கு நேரே அந்தரத்தில் நின்றுவிட்டது. பிடிக்கப் போன பொன்செல்வி தன் கையைத் தானே இழுத்துக்கொண்டாள். அந்த அடியை அவரே வைக்க வேண்டும்.

"மாடா," என்றார் கிழவர், பக்கத்தில் நிற்பவனிடம் பேசுவதுபோல. "நீ இந்தக் கல்லுக்குள்ள இல்லலே. வா, எங்கூட ஆத்துக்கு வா."

அடி விழுந்தது. கல்லுக்கு மேற்கே விழுந்தது. சந்திர சூரியர் உள்ளமட்டும் என்று எழுதி வைத்தார்களே, அந்தச் சூரியனே கிழக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க விழுந்தது. அவர் பின்னால் முப்பிடாதி, அவள் பின்னால் தெரு. படித்துறை முழுக்கக் குடையாய்ப் பூத்தது. குடங்கள் முங்கி முங்கி எழுந்தன. யாரோ செருப்போடு வழுக்கித் தண்ணீரில் உட்கார, படிதோறும் சிரிப்பு ஏறிற்று. பொன்செல்வி படியில் நின்று பார்த்தாள். அவள் இத்தனை ஆண்டு துலக்கிய கல்லெல்லாம் அரசர்களின் வெற்றியைச் சொன்னவை. இந்த வெற்றியை எந்த அரசனும் பெற்றதில்லை.

கரையில் சங்கிலிபூதத்தான் கரண்டியோடு விழித்துக்கொண்டிருந்தார். "அப்பம் இந்த டைல்ஸ என்ன செய்ய?"

"அண்ணாச்சி வீட்டுக் குளிப்பறைல பதியும்வே," என்றார் இடுப்பளவு நீரில் நின்ற கொம்பையா. "சிமெண்ட வீணாக்காதேயும். கல்லு பாதையப் பாத்து நிக்கணும், ஒம்பது வரியும் தெரியணும்."

பெருமாள்ராஜே சிரித்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லைத் திருப்ப அவரும் ஒரு கை கொடுத்தார். இன்று அது பாதையைப் பார்த்து நிற்கிறது. எண்ணெய் இல்லை, மஞ்சள் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அதைத் தாண்டி ஆற்றுக்கு ஓடுகிறார்கள். கழகத்தின் இதழில் ஒன்பது வரிகளும் அச்சாகியிருக்கின்றன.

கேட்டவர்களே, இனி வேலை உங்களுடையது. உங்கள் ஊரிலும் ஒரு கல் நிற்கிறது. எண்ணெய் பூசிய கல், சுண்ணாம்பு அடித்த கல், கொடிக்கம்பத்துக்கு முட்டுக்கொடுத்த கல். புகழை மட்டும் வாசித்துவிட்டு மிச்சம் தேய்ந்துவிட்டது என்று யாரேனும் சொன்னால் கைதட்டாதீர்கள். உங்கள் பக்கத்து வரலாற்றுக் கழகத்தில் சேருங்கள். தாளும் தூரிகையும் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிறே புறப்படுங்கள். கல்லைத் துலக்குங்கள். யாரை விலக்க அது நடப்பட்டதோ அவர்களை முன்னால் நிறுத்தி, கடைசி வரி வரை உரக்க வாசியுங்கள். வாசித்த பிறகு அங்கேயே நின்றுவிடாமல், அவர்களோடு சேர்ந்து அதைத் தாண்டி நடங்கள்.