ஒரு விரலில் தூக்கிய பை

பை வாங்க வந்தவள் பையின் வெளிப்புறத்தைப் பார்க்காமல் உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டே நின்றால் எந்தக் கடைக்காரருக்கும் பொறுமை போய்விடும். சமாவா சந்தையில் அபூ அன்வருக்கும் அன்று காலை போயிற்று.

"ஹஜ்ஜியா, பைய வாங்க வந்தீங்களா, இல்ல அதுக்கு வயித்துவலி பாக்க வந்தீங்களா?"

ஷுக்ரியா கையை எடுக்கவில்லை. தடித்த பஞ்சும் வெள்ளி நிறத் தாளும் வைத்து உள்ளே தைத்திருந்த சாம்பல் நிறப் பை அது. வெறும் பையே ஒரு முழுக்கோழியின் கனம் இருந்தது.

"அது ஆத்துல மீன் பிடிக்கப் போறவங்க வாங்குறது. கர்பலாவுக்கு நடக்குறவங்களுக்கு எதுக்கு? வழியெல்லாம் பந்தல். நீங்க கேக்குறதுக்கு முன்ன தண்ணி குடுப்பான், பசிக்கிறதுக்கு முன்ன சோறு போடுவான். ஒரு மாத்துத் துணி, ஒரு துண்டு, தொழுகைக்கு மண் வில்லை. அதுக்கு மேல என்ன இருக்கு? போன வருஷம் வாங்குனீங்களே நீலப் பை, கிழிஞ்சிருச்சா? என் கடைப் பை கிழியாதே."

"கிழியல."

அவள் சொன்ன விதத்தில் அபூ அன்வருக்கு நினைவு வந்துவிட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அபூ காயிபுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும். நல்ல மனுசன். எடுத்துக்குங்க ஹஜ்ஜியா, இதே எடுத்துக்குங்க."

பிள்ளை இல்லாதவர்களை, இன்னும் வந்து சேராத பிள்ளையின் பெயரால் கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அவள் கணவன் சாசிப், வராதவனின் தகப்பன், அபூ காயிப். அவள் உம் காயிப். முப்பது வருடம் அந்தப் பெயரை இருவரும் வருத்தமில்லாமல் சுமந்தார்கள். இப்போது அவள் மட்டும் சுமக்கிறாள்.

கர்பலாவில் கொல்லப்பட்ட இமாம் ஹுசைனின் நாற்பதாம் நாள் நினைவுக்கு இந்த வருடமும் நடப்பது என்று அவள் முடிவு செய்ததற்குக் காரணம் நேர்த்திக்கடன் மட்டுமல்ல. ஹம்ஸா ஊரைத் தாண்டி, சாலையோரத்தில் இரும்புக் கதவு போட்ட ஒரு வீட்டில் உம் ஃபாலிஹ் என்று ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அந்தப் பெண்ணின் மனது உடைந்து அந்தக் கதவே இனி யாத்திரிகர்களுக்குத் திறக்காமல் போகலாம். சொல்லாவிட்டால் இன்னொருத்தி விதவையாகலாம். ஒரு வருடமாக அவள் நெஞ்சில் கிடந்து உருண்டது இதுதான்.

போன வருடம் இதே கடையில் இரண்டு பைகளும் அருகருகேதான் தொங்கின. சாசிபுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் ஊசி. ஈரான் சண்டையில் இரும்புத் துண்டு பாய்ந்த வலது தோள் வேறு. மருந்தைக் குளுமையில் வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் சாம்பல் பையைத் தொட்டாள். பிறகு அவர் தோளைப் பார்த்தாள். அபூ அன்வர் நீலப் பையை ஒரே விரலில் தூக்கி ஆட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா? இதை நீங்க தூக்க வேணாம், இதுவே உங்களைத் தூக்கிட்டுப் போகும்."

"மருந்துக்கு என்ன பண்றது?" என்று அவள் கேட்டாள்.

சாசிப் சிரித்தார். "ரோடு நெடுக வீடு, வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ். கர்பலா வரைக்கும் எனக்கு எத்தனை ஃபிரிட்ஜ் இருக்குன்னு உனக்குத் தெரியுமா? மந்திரிக்குக் கூட அவ்வளவு கிடையாது."

அவள்தான் நீலப் பையை எடுத்துக் கொடுத்தாள். அவர் தோளுக்காக எடுத்தாள்.

முதல் இரண்டு நாளும் ஒரு குறையும் இல்லை. பந்தலுக்குப் பந்தல் கோப்பையில் பாதிக்குச் சீனி போட்ட தேநீரை நீட்டுவார்கள். "எனக்குள்ள ஒரு சீனி ஆலையே ஓடுதப்பா, வெளியிலருந்து சரக்கு வேணாம்" என்பார் சாசிப். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு உலர்ந்த எலுமிச்சையைக் கொதிக்கவைத்துக் கொடுப்பார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஹம்ஸாவுக்கு அப்பால் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பருத்த பெண் சாலையில் இறங்கி வழிமறித்தாள்.

"பையக் குடுங்க ஹஜ்ஜி."

"இருக்கட்டும்மா. இன்னும் வெளிச்சம் இருக்கு, ஒரு மணி நேரம் நடக்கலாம்."

"வெளிச்சம் நாளைக்கும் வரும். எங்க வீட்டு ரொட்டி நாளைக்குக் காஞ்சிரும்." சொல்லிக்கொண்டே அவர் தோளிலிருந்து பையைக் கழற்றி வீட்டுக்குள் போய்விட்டாள். அந்தச் சாலையில் அப்படித்தான். பை உள்ளே போய்விட்டால் பிறகு மனிதன் எங்கே போவான்? சாசிப் பின்னாலேயே ஓடினார். "தாயே, உள்ள மருந்து இருக்கு, குளுமையில வைக்கணும்."

"என் தலைமேல வச்சுக் காப்பாத்துறேன், போய்க் கால நீட்டுங்க."

அன்று அந்த வீட்டில் முப்பது பேர். உம் ஃபாலிஹின் மகன்கள் ஒவ்வொருவர் காலையும் வெந்நீரில் கழுவினார்கள். சாசிபின் இடது பாதத்தில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. அவருக்கே தெரியவில்லை. உம் ஃபாலிஹ் தன் முக்காட்டு ஓரத்தைக் கிழித்து அதைக் கட்டினாள்.

விடிந்ததும் பையைக் கொண்டுவந்து தந்தாள். சில்லென்று இருந்தது.

"கரண்ட் போயிப் போயி வந்துச்சுக்கா. ஃபிரிட்ஜ நான் நம்பல. ஐஸ் உறையவைக்கிற பெட்டியில, கட்டிக்கு நடுவுல வச்சேன். எங்க வீட்டுல அதவிடக் குளிரான எடம் இல்ல."

"பாத்தியா?" என்றார் சாசிப் மனைவியிடம். "நம்ம வீட்டுல என்னைக்காவது எனக்கு இந்த மரியாதை கெடச்சிருக்கா?"

இரண்டு குப்பிகளும் கல்லாக உறைந்திருந்தன. ஷுக்ரியா அவற்றை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். கொஞ்ச நேரத்தில் கரைந்து தண்ணீராயிற்று. குளிர் நல்லது என்றால் கூடுதல் குளிர் கூடுதல் நல்லதுதானே என்று அவளும்தான் நினைத்தாள். உம் ஃபாலிஹுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

திவானியாவில் அவருக்குத் தாகம் அடங்கவில்லை. வெயில் என்றார்கள். ஷாமியாவுக்கு வருவதற்குள் பத்துத் தடவை ஒதுங்கினார். தண்ணீர் அதிகம் குடித்தால் அப்படித்தான் என்றார். காலையும் மாலையும் ஊசி தவறவில்லை; அவளே போட்டாள். நஜஃபில் பாதம் கறுத்து நாற்றம் எடுத்தது. வண்டியில் போவோம் என்று அவள் அழுதாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு மிச்சத்தை வண்டிக்காரனுக்குக் குடுக்கவா?" என்று கேட்டார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்ன வேடிக்கை. நஜஃபிலிருந்து கர்பலா வரைக்கும் சாலையில் எண் போட்ட கம்பங்கள். எண்ணூற்று அறுபத்திரண்டாம் கம்பத்தடியில் அவர் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

மருத்துவப் பந்தலில் இருந்த இளம் டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திரிந்த பால்போல வெள்ளைத் துகள்கள் மிதந்தன.

"இது ஒரு தடவ உறைஞ்ச மருந்தும்மா. உறைஞ்சா செத்துரும். இத்தன நாளும் வெறும் தண்ணியத்தான்..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அவர் காலு முன்னமே கெட்டிருந்துச்சு. உங்க மேல தப்பு இல்ல."

அதைச் சொல்லும்போது அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த நாலு வார்த்தையை ஊன்றிக்கொண்டுதான் அவள் நஜஃபுக்குத் திரும்பி, கபுர்கள் கடல்போல் கிடக்கும் அந்த மண்ணில் அவரை அடக்கிவிட்டு, வெறும் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

இந்த வருடம் தெருப் பெண்கள் நாலு பேரோடு புறப்பட்டாள். "உம் காயிப், பைக்குள்ள என்ன, சமாவா பாலத்தையே கழட்டிக் கொண்டுவர்றியா?" என்று அவர்கள் கேலி செய்தார்கள். பையில் ஒரு மாற்றுத் துணியும், மடித்து அடியில் வைத்த பழைய நீலப் பையும்தான். ஆனால் அந்தச் சாம்பல் பை தன் கனத்தையே தூக்கவைத்தது. வார் தோளை அறுத்தது. அறுக்கட்டும் என்று நடந்தாள்.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தாள். மனது இளகியிருக்கும்போது ஒரு விதமாக வந்தது. வெயிலும் வலியும் ஏறும்போது வேறு விதமாக வந்தது: உன் ஐஸ் பெட்டி என் மனுசனைக் கொன்னுருச்சு. அப்படி வந்தபோதெல்லாம் அஸ்தஃபிருல்லாஹ், என்னை மன்னிச்சிரு என்று முணுமுணுத்தாள். ஆனாலும் அது மறுபடி மறுபடி வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம். அதே இரும்புக் கதவு. உம் ஃபாலிஹ் அவளைத் தூரத்திலேயே கண்டுகொண்டாள்.

"அட, சமாவா அக்கா! வா கண்ணு வா!" என்று பையை இழுத்தவள் தடுமாறினாள். "என்னக்கா இது, உள்ள ஆட்டுக்குட்டி வச்சிருக்கியா? ஹஜ்ஜி எங்க? பின்னால வர்றாரா? சீனி போடாத டீக்குத் தனியா பானை வாங்கி வச்சிருக்கேன்னு சொல்லு அவர்கிட்ட."

"இந்த வருஷம் வரல" என்றாள் ஷுக்ரியா.

"முடியலியா? பாவம். சரி, வா உள்ள."

மற்ற நாலு பெண்களும் காலைக் கழுவ உட்கார்ந்தார்கள். பஸராவிலிருந்து வந்த ஒரு பெரியவர் முற்றத்தில் நின்று, ஒரு சிறிய பொட்டலத்தை உம் ஃபாலிஹிடம் நீட்டினார். "மருந்தும்மா. குளிர்ல இருக்கணும்."

"என் தலைமேல வச்சுக் காப்பாத்துறேன்."

அவள் நடையைக் கடந்து மூலையில் இருந்த ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். வெண்புகை எழுந்தது.

"அதுல வைக்காத!"

தன் குரல்தானா அது என்று ஷுக்ரியாவுக்கே சந்தேகமாக இருந்தது. முற்றத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஓடிப்போய் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா?"

"உறையக் கூடாது. உறைஞ்சா அந்த மருந்து செத்துப்போயிரும்."

உம் ஃபாலிஹ் மூடியைப் பிடித்த கையோடு நின்றாள். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "போன வருஷம் ஹஜ்ஜியோட மருந்து..." என்றாள். பிறகு, "ஹஜ்ஜி ஏன் வரலக்கா?"

ஒரு வருடமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகளில், கொடியது முதலில் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஷுக்ரியா அதை விழுங்கினாள். சாம்பல் பையை எடுத்துவந்து அவள் முன் வைத்தாள்.

"அன்னைக்கு இந்தப் பைய வாங்காம, எடை இல்லாததா பாத்து வாங்கினது நான். இதுல ஈரத்துணி சுத்தி வச்சிருந்தா யார்கிட்டயும் குடுத்திருக்க வேண்டியதில்ல. உறைஞ்ச குப்பியக் கையில உருட்டிக் கரைச்சதும் நான். ஊசி போட்டதும் நான். உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

"ஹஜ்ஜி எங்கக்கா விழுந்தாரு?" என்று கேட்டாள் உம் ஃபாலிஹ்.

"எண்ணூத்தி அறுபத்திரெண்டாம் கம்பத்துல."

உம் ஃபாலிஹ் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கன்னத்தில் அறைந்துகொண்டாள். ஷுக்ரியா அந்தக் கைகளைப் பிடித்துத் தன் மடியில் வைத்து அமுக்கினாள்.

"நாலு வருஷமாக்கா," என்றாள் உம் ஃபாலிஹ். "நாலு வருஷமா இந்தப் பெட்டியிலதான் வைக்கிறேன். எத்தனை பேரு குடுத்தாங்க... எத்தனை பேரு..."

அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அந்த டாக்டர் சொன்ன நாலு வார்த்தைதான் ஷுக்ரியாவிடம் இருந்தது. அவர் ஏன் கண்ணைப் பார்க்காமல் சொன்னார் என்பது இப்போது புரிந்தது; அது முழு உண்மையல்ல, ஆறுதல். அவள் உம் ஃபாலிஹின் முகத்தை நிமிர்த்தி, கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"உன் மேல தப்பு இல்ல."

பஸராப் பெரியவரின் மருந்தை ஈரத்துணியில் சுற்றி, சாம்பல் பைக்குள் வைத்து, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிழலில் வைத்தார்கள். அன்று சாப்பாட்டை மகன்கள்தான் பரிமாறினார்கள். உம் ஃபாலிஹ் அறையை விட்டு வெளியே வரவில்லை. காலையிலும் வரவில்லை. ஷுக்ரியா சாம்பல் பையை அந்த வீட்டுக்கென்றே பானையருகில் விட்டுவிட்டு, மாற்றுத் துணியை நீலப் பையில் போட்டுக்கொண்டாள். தோளில் ஏதோ இருப்பதாகவே தெரியவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அவர்கள் சாலைக்கு வந்ததும் இரும்புக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. சொல்லியிருக்கக் கூடாதோ? இருநூறு அடி நடந்திருப்பாள். மனது கேட்காமல் திரும்பிப் பார்த்தாள்.

கதவு திறந்திருந்தது. உம் ஃபாலிஹ் சாலையோரம் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். கொடி பிடித்த ஒரு கூட்டம் அவளைக் கடந்து போயிற்று. அவள் அசையவில்லை. இன்னொரு கூட்டமும் போயிற்று. பிறகு, தனியாகக் காலை இழுத்து இழுத்து ஒரு கிழவர் வந்தார். அவர் எதிரில் உம் ஃபாலிஹ் இறங்கி நின்றாள். கை நீண்டது, பாதியில் நின்றது.

"உள்ள மருந்து ஏதாச்சும் இருக்கா ஹஜ்ஜி?" என்று அவள் கேட்டது காலைக் காற்றில் ஷுக்ரியா நின்ற இடம் வரைக்கும் வந்தது.

கிழவர் என்ன சொன்னாரோ. அவள் அவர் தோளிலிருந்து பையைக் கழற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். கிழவர் பின்னாலேயே போனார்.