தோணிபுரத்தாரின் முறையீடு

களிறுகள் கூட்டமாகப் படுத்துறங்குவதுபோலக் கருங்கற் குன்றுகள் கிடக்க, அவற்றின் இடுக்கெல்லாம் ஏரிகள் தேங்கி நிற்க, அவ்வேரிகளின் கரைகளை நாளொரு சாணாக விழுங்கி மாடங்கள் ஓங்கி வளரும் ஐதராபாத்துப் பெருநகரின் கீழ்த்திசையில், புரட்டாசியின் கடைநாட்களுள் ஒன்று மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. ஹப்சிகுடாவின் நெடுஞ்சாலைமேல், தூண்கள் தாங்கிய இருப்புப்பாதையில், ஒளி நிறைந்த தொடர்வண்டி ஒன்று விண்மீன் வரிசை தரைநோக்கித் தாழ்ந்து வந்தாற்போல வழுக்கிச் சென்றது. லாலாகுடாத் தொழிற்கூடத்தில் வேலை முடித்து மீள்வோர் மிதிவண்டிகளை உருட்டிக்கொண்டு தேநீர்க் கடைகளின் ஆவிக்குள் புகுந்து மறைந்தனர். மேற்கே கருமுகில் ஒன்று, சுமை இறக்க இடந்தேடும் வழிப்போக்கனைப்போல, நிற்பதா நடப்பதா என்று தயங்கியது. கற்றறிந்த அன்பரே, இந்நகரின் மாடங்களைப் புகழ்வோர் பலர்; அம்மாடங்களின் அடியில் புதைந்த ஏரிகளை எண்ணிவைத்திருப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருத்தியின் துயரமே இங்குச் சொல்லப்படுவது.

அவள் பெயர் லலிதா. நிலத்தின் அடிவயிற்றிலிருந்து மண்ணைத் தண்டு தண்டாக உருவியெடுத்து, ஏட்டைப் புரட்டுவார்போல அதன் அடுக்குகளைப் புரட்டி, எவ்வடுக்கு எக்காலத்தில் படிந்தது என்று ஆராயும் நிலையம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணியாற்றுபவள்; ஐம்பதைக் கடந்தும் மணம் புரியாதவள். "அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கணும்னா நாற்பதடி தோண்டணும்" என்று அவள் தம்பி வெங்கட் நகையாடுவது வழக்கம். அந்நகைப்பு ஓய்ந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அவன் இறந்த பின், சீர்காழி வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராயிருந்து ஓய்வுபெற்ற தந்தை சந்தானம், ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக அவளிடம் வந்து சேர்ந்திருந்தார். உணவு, மருந்து, குழாயில் தண்ணீர் வரும் வேளை என்னும் இம்மூன்றையன்றி அவ்விருவரும் வேறெதையும் பேசியதில்லை.

அன்று மாலை வீடு திரும்பிய லலிதா, தன் மேசைமேல் அஞ்சல் உறை ஒன்று இருக்கக் கண்டாள். அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் ஒன்றாகவே இருந்தன. மூன்று நாட்களுக்கு முன் தந்தை தம் கையால் எழுதி, அஞ்சல் தலை ஒட்டி, அஞ்சலகம் வரை நடந்து சென்று சேர்த்த மடல். அன்று நண்பகல் அஞ்சற்காரர் கொண்டுவர, அவரே கதவைத் திறந்து அதை வாங்கி, அவரே மகளின் மேசைமேல் வைத்திருந்தார். நாற்பதாண்டுகள் பிறர் முறையீடுகளுக்கு எண்ணிட்டுப் பழகிய அம்முதியவர், தம் முறையீட்டையும் அம்முறை வழுவாமலே எழுதியிருந்தார்.

"பெறுநர்: முனைவர் ச. லலிதா அவர்கள். பொருள்: ஊழிவெள்ளம் குறித்து விளக்கம் வேண்டுதல். அம்மையீர், வணக்கம். எட்டாண்டுகளுக்கு முன் தாங்களும் தங்கள் குழுவினரும் எங்கள் ஊருக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையோரம் ஆழத்துளையிட்டு மண் எடுத்துச் சென்றீர்கள். அப்போது தங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தவன் நான். அம்மண் கூறியது யாது என்பது இன்றளவும் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. எனவே கீழ்க்கண்டவற்றுக்கு விடை வேண்டுகிறேன். ஒன்று, எங்கள் பக்கம் கடல் ஏறி வந்தது உண்மையா? இரண்டு, உண்மையாயின், கோயிற் கதையில் உள்ளவாறு உலகனைத்தையும் ஒருங்கே மூடும் வெள்ளமாக வந்ததா? மூன்று, அவ்வெள்ளத்தில் எவரேனும் தப்பியதற்கு மண்ணில் சான்று உண்டா? இவற்றுக்கு விடை தெரியும்வரை என் மகனுக்கு நீர்க்கடன் ஆற்ற இயலாதவனாக இருக்கிறேன். விடை எதுவாயினும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டுகிறேன். தங்கள் உண்மையுள்ள, அ. சந்தானம்."

இருமுறை படித்த லலிதா, சமையற்கட்டில் அரிசி களையும் ஒலி கேட்டும் எழாமல், அம்மடலை மடித்தும் விரித்தும் அமர்ந்திருந்தாள்.

அம்மூன்று வினாக்களின் வேர் எங்குள்ளதென்று அவள் அறிவாள். உலகெலாம் நீரில் மூழ்கிய ஊழிக்காலத்தில், அறுபத்துநான்கு கலைகளையும் ஆடையாக உடுத்து, உமையோடு தோணியேறி மிதந்துவந்த இறைவன், நீர் தீண்டாது எஞ்சிய ஒரே திட்டில் கரைசேர்ந்தான் என்றும், அத்திட்டே சீர்காழி என்றும், அதனாலேயே அவ்வூருக்குத் தோணிபுரம் என்றொரு பெயருண்டு என்றும் அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவர். அக்கதை சந்தானத்தின் குடியில் கதையாக நில்லாமல் நாவில் ஊறிய வழக்காகவே ஆகிவிட்டிருந்தது. கொள்ளிடத்தில் நீராட இறங்கும் பிள்ளைகளிடமும், அடைமழையில் பள்ளிக்குப் புறப்படுவோரிடமும், "நாம தோணிபுரத்துக்காரங்க. தண்ணி நம்மைத் தீண்டாது" என்று சொல்லி அனுப்புவார் சந்தானம். பிற வீடுகளில் 'பார்த்துப் போ' என்பார்களே, அதுபோல.

வெங்கட் இந்நகரில் வீடு வாங்க முனைந்தபோது லலிதா பழைய நிலப்படம் ஒன்றை விரித்துக் காட்டினாள். அவன் தேர்ந்த இடத்தின்மேல் நீல வண்ணத்தில் ஓர் ஏரி படுத்திருந்தது. "இது ஏரியோட வயிறுடா. தண்ணி தன் இடத்தை மறக்காது" என்றாள். "உனக்கு எங்க பார்த்தாலும் ஏரிதான் அக்கா" என்று அவன் சிரித்தான். உடனிருந்த தந்தையும் சிரித்து, தம் வழக்கமான சொல்லைச் சொல்லி வாழ்த்தினார். லலிதா படத்தைச் சுருட்டி வைத்தாள், மறுமுறை சொல்லவில்லை.

பின்னர் வந்தது அந்தப் பெருமழை. நண்பகலில் தொடங்கி, வானத்து மதகுகள் யாவும் ஒருங்கே திறந்தாற்போலக் கொட்டி, ஏரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடைத்துக்கொண்டு அது இறங்கியபோது, வெங்கட்டின் மனைவி பத்மப்ரியா தலைப்பேற்றுக்காகத் தாய்வீடு சென்றிருந்தாள். விளக்கேற்றும் வேளையில் அவன் சீர்காழிக்குப் பேசினான்.

"அப்பா, செல்லார்ல தண்ணி ஏறுது. காரை மட்டும் மேல எடுத்து விட்டுட்டு வந்துடறேன்."

கட்டடத்தின் அடியில் வண்டிகள் நிற்கும் நிலவறையை இந்நகரத்தார் செல்லார் என்பர். சந்தானம் எப்போதும் சொல்வதையே அப்போதும் சொன்னார். மகன் இறங்கினான். சுற்றுச்சுவர் சரிந்து ஏரி உள்ளே புகுந்தது. நீரை இறைத்து முடிக்க இரண்டு நாட்கள் ஆயின.

ஈமம் எரிந்த இடத்தில் தந்தை மகளின் கையைப் பற்றி, "நான்தாம்மா போன்னு சொன்னேன்" என்றார். லலிதா 'இல்லை' என்றும் சொல்லவில்லை. 'ஆம்' என்றும் சொல்லவில்லை. அன்று அவள் மேற்கொண்ட மோனம் மூன்றாண்டுகளாக அவ்வீட்டில் மூன்றாமவர்போல அமர்ந்து உண்டது. இப்போது அம்முதியவர் தம் தலைமேல் தீர்ப்பை எழுதச் சொல்லித் தாமே தாள் நீட்டிவிட்டார். வெள்ளக்கதை பொய்யென்றால், பொய்யை நம்பி மகனை அனுப்பியவர் ஆவார். மெய்யென்றால், அவருடைய மகனுக்கு மட்டும் தோணி வாராது போனது ஏன் என்று இனி நாள்தோறும் கேட்டுக்கொண்டிருப்பார்.

மறுநாள் ஆய்வு நிலையத்தில் மண்தண்டுகளைக் காக்கும் ஃபெலிக்ஸிடம், கொள்ளிடத் தண்டை எடுத்துவைக்கச் சொல்லிக் காரணத்தையும் சொன்னாள். லாலாகுடா தொடர்வண்டிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர்.

"எங்க அப்பாவும் கேப்பாரு மேடம், நோவாவோட பேழை நிஜமாடான்னு. நான் தினம் காலையில நோவாவைக் கேட்லயே நிறுத்திட்டுத்தான் உள்ள வர்றேன். சாயங்காலம் போகும்போது கூட்டிட்டுப் போறது."

"ஒரு நாள் அவரே உள்ள வந்துட்டா?"

"பாஸ் எங்கேன்னு கேப்பேன்" என்று சிரித்தவர், அவள் நீட்டிய மடலின் மூன்றாம் வினாவைப் படித்ததும் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் உள்ளபடியே சொல்லணுமா மேடம்? கடல் வந்துச்சுன்னு மட்டும் சொன்னா போதாதா? அது பொய் இல்லையே?"

அதையே அவளும் இரவெல்லாம் எண்ணிப் பார்த்திருந்தாள். முதல் வினாவுக்கு விடையளித்து நின்றுவிட்டால் அது பொய்யாகாது. ஆனால் 'மறைக்காமல்' என்று எழுதியவர் நாற்பதாண்டுகள் அரைவிடைகளைக் கண்டு பழகிய எழுத்தர்.

லலிதா அழைக்க, அடுத்த நாள் சந்தானம் சலவைச் சட்டை அணிந்து, முறையீட்டின் படி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். நீண்ட மேசைமேல், நெடுக்காகப் பிளந்த குழாய்க்குள் கிடந்தது அவர் ஊர் மண். மேலே பழுப்பு, கீழே மணல், அதற்கும் கீழே கருநீலக் களிமண். அக்களியில் அரிசிக் குறுநொய் போன்ற சிப்பிகள்.

"இது கடல்தாம்பா. ஏழாயிரம் வருஷத்துக்கு முன்னால வந்தது."

முதியவரின் முகத்தில் கணப்பொழுது ஒளி ஏறிற்று. ஆயினும் அவர் விடவில்லை. "ஒரே நாள்லயா?"

"இல்லப்பா. இதோ, ஏடு ஏடா இருக்கு பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா, நூத்துக்கணக்கான வருஷமா ஏறியிருக்கு. அங்க இருந்தவங்க தலைமுறைக்கு ஒரு தரம் குடிசையைப் பிரிச்சு நாலடி தள்ளிப் போட்டிருப்பாங்க. அவ்வளவுதான்."

"உலகம் பூரா மூடின வெள்ளம்?"

"எந்த ஊர் மண்லயும் இல்ல. ஃபெலிக்ஸ் வீட்டுக் கதையிலும் நம்ம கதையிலும் இருக்கு. மண்ல இல்ல."

சந்தானம் தம் பையிலிருந்த படியை எடுத்து, முதலிரண்டு வினாக்களின் எதிரே சிறு கோடிட்டார். "நடந்து வர்ற கடலுக்குத் தோணி எதுக்கு?" என்றார். "அப்ப நான் அவன்கிட்ட சொன்னதுக்கு அடியில ஒண்ணுமே இல்ல."

லலிதா தன் மேசையின் அடியறையைத் திறந்து, சுண்டுவிரல் அளவான கண்ணாடிக் குழல் ஒன்றைக் கொண்டுவந்து கருநீலக் களியின் அருகே வைத்தாள். பெயர்ச்சீட்டு இல்லாத குழல் அங்கு அது ஒன்றுதான். அதனுள் அரைவிரற் கனத்துக்குச் சாம்பல்நிறச் சேறு காய்ந்து கிடந்தது.

"இது அந்தச் செல்லார் சுவர்ல படிஞ்சிருந்தது. பத்தாம் நாள் போய்ச் சுரண்டி எடுத்தேன். அன்னிக்கு வந்த அத்தனை தண்ணியும் விட்டுட்டுப் போனது இவ்வளவுதாம்பா. அடுத்த மாசமே கழுவிச் சுண்ணாம்பு அடிச்சுட்டாங்க. இன்னும் ஆயிரம் வருஷம் கழிச்சு யாராவது அங்க துளை போட்டுப் பார்த்தா, அப்படி ஒரு நாள் வந்ததுக்கே அடையாளம் இருக்காது."

முதியவர் அக்குழலைத் தொடவில்லை, குனிந்து நோக்கினார். உலகை மூடிய வெள்ளத்தைத் தேடி வந்தவர், தம் உலகை மூடிய வெள்ளத்தின் எதிரே நெடுநேரம் நின்றார்.

"கதை சொன்ன முதல் ஆளுக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்குமோ?" என்றார் கடைசியில். "யாரையோ பறிகொடுத்துட்டு உட்கார்ந்திருந்தவன்தான் தோணி வந்ததுன்னு சொல்லியிருப்பான். இல்லேன்னா எப்படித் தூங்குவான்?"

"இருக்கலாம்பா. அது எனக்குத் தெரியாது. மண் சொல்லாது."

"அப்ப, நான் அவனுக்குச் சொன்ன சொல்லு?"

மூன்றாண்டு மோனம் அங்கேதான் உடைந்தது. "நீங்க சொன்னீங்க. அது இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு அந்த இடம் ஏரின்னு தெரியும். ஒரு தடவை சொன்னேன். அவன் சிரிச்சதும் படத்தைச் சுருட்டிட்டேன். ரெண்டாந்தடவை சொல்லலப்பா. மூணு வருஷமா உங்க சொல்லையே நினைச்சுக்கிட்டு, நான் சொல்லாததை மறைச்சுட்டேன்."

அவள் அழுதாள். ஃபெலிக்ஸ் ஓசையின்றி வெளியேறிக் கதவைச் சாத்தினார். சந்தானம் மகளின் தலைமேல் கைவைத்தவாறே மறுகையால் மேசைமேலிருந்த பெயர்ச்சீட்டு ஒன்றை எடுத்து, அலுவலகத்துக் கையெழுத்தில் இடம், நாள், வேளை எழுதி, அதன்கீழ் 'வெங்கட்' என்று எழுதி, குழலின்மேல் ஒட்டினார். மூன்றாம் வினாவின் எதிரே கோடிடாமலே தாளை மடித்துக்கொண்டார்.

அவ்வாண்டு மகனுக்கு நீர்க்கடன் ஆற்றினார். எள்ளும் நீரும் அவர் விரலிடுக்கில் வழிந்தன.

அடுத்த கார்காலத்தில் ஒரு மாலை, வானம் மீண்டும் மதகு திறந்தது. தாம் வாழும் கட்டடத்தின் நிலவறைக்கு இறங்கும் சரிவின் தலைப்பில், நெகிழி நாற்காலி ஒன்றைக் குறுக்கே போட்டு, குடை பிடித்து அமர்ந்திருந்தார் சந்தானம். கீழே முழங்கால் அளவு நீர் சுழன்றுகொண்டிருந்தது. மேல்மாடியில் குடியிருக்கும் அஸ்வினி, சாவியைக் கையில் ஆட்டியபடி ஓடிவந்தாள்.

"தாத்தா, கொஞ்சம் தள்ளுங்க. புது ஸ்கூட்டி தாத்தா. ரெண்டே நிமிஷம்."

"வேணாம்மா."

"அட, நீங்க சீர்காழிதானே? லலிதா ஆன்ட்டி சொன்னாங்க, உங்க ஊர்க்காரங்களைத் தண்ணி ஒண்ணும் பண்ணாதாமே?" என்று அவள் கேலி செய்தாள்.

முதியவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "தொடும்மா" என்றார். "நம்மையும் தொடும். மேல போ." அவள் முகம் சுளித்தாள். "ரெண்டாந்தடவை சொல்றேன். மேல போம்மா."

அவர் குரலில் எதைக் கேட்டாளோ, அவள் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு படியேறினாள். மழை நின்றபாடில்லை. மேல்மாடத்தில் லலிதா நின்று, அவ்வெண்தலையை மறைத்திருந்த குடையை நோக்கிக்கொண்டிருந்தாள். உலகை மூடிய வெள்ளம் ஒன்று என்றோ வந்ததா என்பதை மண் அறியும். மண் இல்லையென்றே கூறுகிறது. ஒருவரின் உலகை மூடும் வெள்ளமோ வந்துகொண்டே இருக்கிறது, அரைவிரற் சேறும் மிச்சம் வையாமல் வடிந்தும் போகிறது. சரிவில் நீர் ஒரு சாண் ஏறிற்று. பின்னும் ஒரு சாண் ஏறிற்று. தோணி எதுவும் வரவில்லை. வருமென்று அவர் காத்திருக்கவும் இல்லை; நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்துப் போட்டு, வழியை மறித்தபடி அமர்ந்திருந்தார்.