ஆமெனுக்குப் பிறகு மூன்றாம் பகுதி

முதல் பகுதியை முடித்துப் பியானோவிலிருந்து கையை எடுத்தேனோ இல்லையோ, போதகர் இராஜாங்கம் எழுந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்: நான் வாசிக்கப்போகும் சொனாட்டாவுக்கு மூன்று பகுதி, நடுவில் நிறுத்துவேன், முடிந்துவிட்டதென்று நினைத்துவிடாதீர்கள். அவரும் தலையாட்டி, "அதுக்கென்னம்மா ஷீபா, நிம்மதியா வாசி" என்றார்.

தஞ்சாவூரில் எங்கள் தேவாலயத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஞாயிறுதோறும் வாசிக்கிறேன். பாட்டுக்கு, காணிக்கைக்கு, ஜெபத்துக்கு. எல்லாமே அடுத்தவர் குரலுக்குப் பின்னால்தான். புதன்கிழமை மஸ்கட்டுக்கு விமானம். அங்கே வேலை பார்க்கும் என் கணவர் அருள்பிரகாஷிடம் ஐ.எஸ்.டி. பூத்தில் நின்றுகொண்டு பியானோவைப் பற்றிக் கேட்டால், "சின்னதா கீபோர்டு வாங்கிக்கலாம், சத்தத்தைக்கூட குறைச்சு வச்சுக்கலாம்" என்கிறார். என்னத்தைச் சொல்ல? அதனால்தான் இந்த வழியனுப்புக் கூட்டத்தில் ஒரே ஒரு தடவை, எனக்கே எனக்காக, முழுசாக வாசித்துவிட வேண்டும் என்று பிடிவாதம். இந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ ஒரு ஐரோப்பியர் எழுதியது. முதல் பகுதி சண்டைக்கு நிற்கும். இரண்டாவது தனியாக உட்கார்ந்து தனக்குள் பேசிக்கொள்ளும். மூன்றாவது ஒரே ஓட்டம். அதற்காகத்தான் மத்தியான வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து பழகினேன்.

போதகர் வாய் திறப்பதற்குள் இரண்டாவதை ஆரம்பித்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் சபையில் ஜெபம் என்றால் அதற்கு அடியில் பியானோ மெல்ல ஓட வேண்டும். பியானோ மெல்ல ஓடினால் அது ஜெபம். எல்லோரும் கண்ணை மூடிவிட்டார்கள்; போதகர் ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். என் விசாவுக்கு ஸ்தோத்திரம், மேட்டூர்த் தண்ணீருக்கு விண்ணப்பம், பயணத்துக்குப் பாதுகாப்பு என்று அந்த மனிதர் குரல் ஏற ஏற, பாழாய்ப்போன பழக்கத்தில் என் கை தானாகத் தணிந்தது. "ஆமென்" என்றார்கள். பாதி வரியில் கை நின்றேவிட்டது.

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. போதகர் குனிந்து, "அருமைம்மா. போதும்ல?" என்றார்.

"இல்லீங்கய்யா. இன்னும் இருக்கு."

விட்டுப்போன பாதியைத் தொடவில்லை. இரண்டு கையாலும் ஓங்கி, மூன்றாம் பகுதிக்குள் இறங்கினேன். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. கடைசிப் பாட்டு என்று நினைத்து மொத்தச் சபையும் எழுந்து நின்றது. பாட்டுப் புத்தகங்கள் புரண்டன. போதகர் முதல் வரியைப் பிடிக்க வாயைத் திறந்தார்; பிடிபடவில்லை, மூடினார், மறுபடி திறந்தார். நான் நிறுத்தவில்லை. விரித்த புத்தகங்களோடு எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள், எங்கே சேர்ந்துகொள்வது என்று தெரியாமல்.