வராத பலூன்கள்

மகளின் பிறந்தநாளுக்காக, தான் உருவாக்கிய செயலிக்குள் ரகசியமாகப் பலூன்களை ஒளித்து வைத்திருந்தான் அவன். மகள் அவள் அம்மாவோடு வேறு ஊரில். அவனுக்கு ஒற்றை அறையும் கம்ப்யூட்டரும்தான் துணை.

மகள் போனில் அழைத்தாள். "அப்பா, ஆப்பைத் திறந்துட்டேன். ஒண்ணும் வரலையே? சும்மா கதை விட்டியா?"

பேசிக்கொண்டே கம்ப்யூட்டரில் நிரலைத் திறந்து பார்த்தான். சோதித்தபோது பறந்தனவே!

பலூன்களைப் பறக்கவிடும் உத்தரவு, செயலிக்கு வெளியே இருக்கும் சர்வரிலிருந்து வரும். அது தெரியாமல், வெளியிடும்போது மட்டும் செயலியைச் சுருக்கும் கருவி, யாரும் பயன்படுத்தாத பலூன் பகுதியை வேண்டாத சுமையென்று வெட்டி எறிந்திருந்தது. 'இதைத் தொடாதே' என்று ஒரு வரி எழுதி வைக்க மறந்தவன் அவன்தான். இப்போது எழுதினாலும் புதிய பதிப்புக்கு ஆப் ஸ்டோரின் அனுமதி கிடைக்க ஒருநாள் ஆகும்.

"நாளைக்கு வந்துடும்டா கண்ணு."

"நாளைக்கு எனக்குப் பிறந்தநாள் இல்லையேப்பா. அம்மா கூப்பிடறாங்க, வச்சிடறேன்."

அவன் அந்த வரியை எழுதினான். அனுமதி தேவைப்படாத அவனுடைய போனில் மட்டும் பலூன்கள் பறந்தன.