பால்துரை அண்ணாச்சியின் உயிர்விசை

என் வீட்டுக்காரர் கையை நீட்டினால் எதிரே நிற்கிற ஆள் சுருண்டு விழுவான் என்று தூத்துக்குடியில் பாதி பஜார் நம்பிக்கொண்டிருந்தது. எங்கள் அடுப்படியில் திரிகிற கரப்பான்பூச்சி ஒன்றுகூட அவர் கை நீட்டி விழுந்ததை நான் பார்த்ததில்லை. அதற்கு விளக்குமாறுதான் வேண்டியிருந்தது, அதுவும் என் கையில்.

அவர் பெயர் பால்துரை. பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கயிறு, பெயிண்ட், போல்ட் நட்டு என்று படகுக்காரர்களுக்கு வேண்டிய சாமான் விற்கிற கடை. ஊருக்கே அண்ணாச்சி. சாது. சாமான் வாங்க வந்தவன் குரலை உயர்த்தினால் இவர் குனிந்து கல்லாவுக்குள் எதையோ தேடுவார். அவன் போகிற வரைக்கும் தேடுவார். சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, கோபம் மட்டும் கிடையாது. அவர் பங்கையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார் கடவுள்.

இப்படிப்பட்ட மனிதர் சீசனுக்குக் குற்றாலம் போனார். வியாபாரிகள் சங்கத்து ஆட்களோடு குளிக்கப் போனவர், அருவியில் தண்ணீர் இல்லை என்று பக்கத்து மண்டபத்தில் நடந்த முகாமில் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கே தாடி வைத்த ஒரு குருஜி ‘உயிர்விசைக் கலை’ சொல்லிக்கொடுத்திருக்கிறார். தொப்புளுக்குக் கீழே உயிர்விசை உறங்கிக் கிடக்கிறதாம். மூச்சை இழுத்து அதைத் தட்டி எழுப்பி உள்ளங்கை வழியாக விட்டால், தொடாமலே எதிரி விழுவானாம். அன்றைக்கு அருவியில் நாலு குடம் தண்ணீர் விழுந்திருந்தால் என் குடும்பத்துக்கு இந்த வினை வந்திருக்காது.

லேமினேட் செய்த சான்றிதழோடு வந்து இறங்கினார். திருச்செந்தூர் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

“சூரனை அடிக்க முருகனுக்கே வேல் வேண்டியிருந்துச்சு. ஒங்களுக்கு அதுவும் வேண்டாமாக்கும்?” என்றேன்.

“கேலி பண்ணு, பண்ணு,” என்றார். கோபம் வந்தால்தானே.

முதலில் விழுந்தவன் லிங்கராஜ். எங்கள் கடையில் பல வருஷமாக வேலை பார்க்கிறவன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோனில் அவனை நிறுத்தி வைத்து இவர் கையை நீட்டினார். அவன் நின்றான். இவர் மூச்சைப் பிடித்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பின்னால் நைலான் கயிற்றுச் சுருள் கிடக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு, அதன்மேல் விழுந்தான்.

இவர் கடைக்குள் போனதும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏலே லிங்கராஜ், என்னல ஆச்சு ஒனக்கு?”

“என்னத்த ஆவ? அண்ணாச்சி எம்புட்டு நேரமா கையை நீட்டிக்கிட்டு நிக்காவ. நா பாட்டுக்கு மரம் மாதிரி நின்னா மரியாதையா இருக்குமா அக்கா?”

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை இப்படி விழுந்து காட்டினான். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? அடுத்த வாரம் வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துக் கடைக்காரர், லிங்கராஜ் விழுந்ததைப் பார்த்தபிறகு தான் மட்டும் நின்றால் அண்ணாச்சி முகம் என்னாவது என்று விழுந்தார். அவர் விழுந்ததைப் பார்த்து அடுத்தவர். எங்கள் ஊரில் வெயிலில் வந்தவன் வழியில் ஒன்று குடித்துவிட்டுத்தான் வந்திருந்தாலும், கலர் சோடா உடைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டான். அந்த மரியாதைதான் இதுவும். மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு நடந்தது. லிங்கராஜ் தன் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்துப் பழகியவன். உடம்பை உதறி, கண்ணைச் செருகி, நாக்கைத் துருத்தி அவன் விழுகிற அழகுக்கே கூட்டம் வந்தது.

“என்மேல விடுங்க பாப்போம்,” என்றேன் ஒருநாள். அடுப்படி வாசலில் நின்று கையை நீட்டி விசையை விட்டார். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். மறுபடியும் விட்டார். நான் தாளித்து இறக்கிவிட்டேன்.

“மத்தியானம் என்ன சாப்பிட்ட?” என்றார் யோசனையாக.

“கருவாடு.”

“அதாம்! உப்பு விசையை இழுத்துக்கிடும். குருஜி சொல்லிருக்காவ.”

ஊரைச் சுற்றி உப்பளம். வீசுகிற காற்றே உப்பு. கழுவிக் காயப்போட்ட சேலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். இந்த ஊரில் உப்பு ஏறாத உடம்புக்கு எங்கே போவது என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். வகுப்புக்கு வருகிறவர்கள் முந்தின நாளிலிருந்து உப்பில்லாமல் சாப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உப்பில்லா மனுசர்கள் எங்கள் மொட்டை மாடியிலே கிடந்தார்கள்.

சிரிப்பாய்ச் சிரித்தேன், உண்மைதான். ஆனால் ஒன்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் கல்லாவுக்குள் குனிவது நின்றுபோயிற்று. ஒரு லாரிக்காரன் வந்து காட்டுக்கத்தல் கத்தியபோது நிமிர்ந்து நின்று, “மெதுவாப் பேசுங்க தம்பி,” என்றார். அவனும் மெதுவாகப் பேசினான். அன்றைக்கு அவர் கடையைச் சாத்திவிட்டு நடந்து வந்த நடையை மாடியிலிருந்து பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அதனால்தான் உண்மையைச் சொல்ல வாய் வராமல் போயிற்று.

அப்போதுதான் டேவிட்சன் கயிறு வாங்க வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஒரு காலத்தில் மாநில அளவில் குத்துச்சண்டை போட்டவர், இப்போது கடற்கரைப் பக்கம் தகரக்கொட்டகை போட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சண்டை மேடைக்குக் கயிறு கேட்டார். இவர் கயிற்றை அளந்துகொண்டே உயிர்விசையையும் அளந்துவிட்டார்.

டேவிட்சன் மரியாதையாகத்தான் கேட்டாராம். “அப்படின்னா ஒருநா எம்மேல விட்டுப் பாருங்களேன் அண்ணாச்சி.”

சங்கத்துக்காரர்கள் காதில் இது விழுந்ததும் ஆண்டு விழா நோட்டீஸிலேயே போட்டுவிட்டார்கள். ‘உயிர்விசை எதிர் குத்துச்சண்டை. செயல் விளக்கம்.’ இரண்டு பேர் போட்டோவும் இருந்தது. நோட்டீஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டேவிட்சனின் புஜம் என் இடுப்பளவு இருக்கும். ஆனால் நான் பயந்தது அடிக்கு இல்லை. அடி ஆறிவிடும். அத்தனை பேர் முன்னால் கையை நீட்டி, எதிராளி விழாமல் நின்று, இத்தனை நாளும் எல்லோரும் விழுந்தது தன் முகத்துக்காகத்தான் என்று அவருக்கே ஒரு நொடியில் தெரிந்துபோகுமே, அதற்குத்தான் பயந்தேன். அதற்கப்புறம் அவர் கல்லாவை விட்டு நிமிரவே மாட்டார்.

லிங்கராஜைக் கூப்பிட்டேன். “நீ ஆரம்பிச்ச வினை. நீயே போயி அண்ணாச்சிட்ட உண்மையச் சொல்லு.”

அவன் தலையைச் சொறிந்தான். “மொத தடவ நடிச்சதுதான் அக்கா. இப்ப அவிய கையை நீட்டுனா நா நெனைக்கதுக்கு முன்னாலயே விழுந்துருதேன். நெசமா, நடிப்பான்னு எனக்கே வெளங்கல. என்னன்னு போயிச் சொல்ல?”

அவனை நம்பிப் பிரயோசனமில்லை என்று நானே தகரக்கொட்டகைக்குப் போனேன். டேவிட்சன் கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போட்டார்.

“தம்பி, அன்னைக்கு வராம இருந்துரேன்,” என்றேன்.

“நோட்டீஸ் அடிச்சிட்டாவளே அக்கா. வரலன்னா பயந்துட்டான்னு சொல்லுவாவ.”

“அப்ப ஒண்ணு செய்யி. வந்து விழுந்துரு.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

“அண்ணாச்சி மேல வெரல் படாது. மாதா மேல சத்தியம். கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கேன், போதுமா? ஆனா விழ மட்டும் ஏலாது அக்கா. எங்கிட்ட வாற புள்ளைகளுக்கு நா சொல்லிக்குடுக்கதே விழாம நிக்கதுக்குத்தான். அதுகளும் பாக்க வருதுவ.”

அவர் சொன்னது நியாயம். நியாயக்காரனிடம் போய் எப்படிச் சண்டை போடுவது? வந்த வழியே திரும்பி வந்தேன்.

விழா அன்றைக்கு எனக்குச் சஷ்டி விரதம். காலையிலிருந்து பால் மட்டும்தான். முருகா, கரண்டையாவது நிறுத்து என்று வேண்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். பரிசு கொடுத்து முடித்ததும் மேடைக்கு முன்னால் நாற்காலிகளை ஒதுக்கி இடம் போட்டார்கள். இவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். டேவிட்சன் சொன்னபடியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். பெண்கள் வரிசையில் முதல் நாற்காலி என்னுடையது. டேவிட்சன் முதுகு எனக்கு நேரே, அவர் தோளுக்கு மேலே என் வீட்டுக்காரர் முகம்.

இவர் மூச்சை இழுத்து விசையை விட்டார். டேவிட்சன் நின்றார். மறுபடியும் விட்டார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பின்னாலிருந்து ஒருவன், “அண்ணாச்சி, சார்ஜ் இல்லையா?” என்றான். சிரிப்பு கிளம்பியது. இவர் இன்னொரு தரம் நீட்டினார். பிறகு எரியாத டார்ச் லைட்டைத் திருப்பிப் பார்க்கிற மாதிரித் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஓரத்தில் நின்ற லிங்கராஜைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

அவ்வளவுதான், இன்னும் ஒரு நொடியில் அவருக்குப் புரிந்துவிடும். எழுந்து போய்க் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். எழுந்த பிறகு அவர் முகம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. நான் விழுந்துவிட்டேன்.

லிங்கராஜ் மாதிரி பின்னால் பார்த்து விழத் தெரியவில்லை எனக்கு. பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பு முதுகில் குத்த, நாற்காலியோடு சரிந்து சிமெண்டுத் தரையில் கிடந்தேன். முதலில் வாய் திறந்தவன் லிங்கராஜ்தான்.

“ஐயோ! அண்ணாச்சி விட்டது அவரத் தாண்டிப் போயி அக்கா மேல பட்டுட்டே!”

கூட்டம் எழுந்து நின்றது. டேவிட்சன் திரும்பிக் குனிந்து என்னைப் பார்த்தார். என் ஒரு கண் பாதி திறந்திருந்ததை அவர் கண்டுகொண்டார். கண்டும், விலகி வழிவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஓடி வந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். “ஏளா இந்து! இந்து!” என்று அழுதார். விசையை எடுக்க உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் கையை ஓட்ட வேண்டும் என்பது முறை. அதை அவர் முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க முடியாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எழுந்தபோது கைதட்டினார்கள். கடல் தண்ணியிலேயே ஊறின உடம்பு டேவிட்சனுக்கு, உப்பு மேல பட்டுத் தெறிச்சிருக்கும், அக்காவுக்கு இன்னைக்கு விரதம்லா என்று ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். ஒருவர்கூட விளக்கத்துக்குத் தடுமாறவில்லை.

மறுநாள் காலையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். லிங்கராஜ், பக்கத்துக் கடைக்காரர், டேவிட்சனைப் போய்ப் பார்த்தது, நான் விழுந்தது.

பொறுமையாகக் கேட்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார்.

“என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லுத.”

“இல்லங்க. சத்தியமா நடிச்சேன்.”

“ஒனக்கு நடிக்க வருமாளா? இத்தன வருசத்துல என் முகத்துக்காவ ஒரு பொய் சொல்லிருக்கியா நீ?”

சொன்னதில்லைதான். என் வாய்க்குப் பயந்து சொந்தக்காரர்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை. லிங்கராஜைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “அக்கா நல்லாத்தான் விழுந்தாவ அண்ணாச்சி,” என்றான். கையிலிருந்த கரண்டியை அவன்மேல் எறிந்தேன். அவன் விலகிக்கொண்டான்.

“சரி, இப்ப என்மேல விடுங்க. விழுதேனான்னு பாருங்க,” என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

அவர் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “மாட்டேன்ளா. ஒருதடவ கொல்லப் பாத்தது போதும்.”

வகுப்பை நிறுத்திவிட்டார். சான்றிதழைக் கழற்றிப் பரண் மேல் போட்டார். எது வேண்டும் என்று வேண்டினேனோ அது நடந்தது. கடையில் நிமிர்ந்துதான் நிற்கிறார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் கை பின்னால் போய்விடுகிறது. பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்தால்தான் நிம்மதியாக இருக்கிறார், இரண்டு கையும் ஹேண்டில்பாரில் முன்பக்கம் பார்த்து இருக்கிறதே. படுக்கையில் கையைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு தூங்குகிறார். என்னைத் தொட்டால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறார். பிரியம் இல்லாமல் இல்லை, பிரியத்தால்தான். அதை நினைத்தால் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது.

நாற்காலி குத்திய இடம் முதுகில் கன்றிப்போய் வலித்தது. எண்ணெயைச் சுடவைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார். வைத்துவிட்டு வாசல்படிக்குப் போய் நின்றுகொண்டார்.

“தேச்சு விடுங்களேன்,” என்றேன்.

“நீயே தேச்சுக்க. நா சொல்லுதேன்.”

எண்ணெயைத் தொட்டு முதுகுக்குக் கையைக் கொண்டுபோனேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“அங்கன இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ. இடப்பக்கமா. இன்னும் கொஞ்சம்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் கை எட்டவில்லை.