முப்பத்து நான்கில் ஒருவர்

மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தவள், வாசலில் கோப்போடு நின்ற அதிகாரியைப் பார்த்ததும் கையிலிருந்ததைப் போட்டது போட்டபடி ஓடினாள். காலையில் போன் செய்து அவரை வரச் சொன்னவளே அவள்தான். அப்பாவைக் கூடத்தில் கிடத்தி முழுசாக இரண்டு மணி நேரம் ஆகவில்லை. வேறு எந்தப் பெண்ணுக்காவது இப்படித் தோன்றுமா? இவளுக்குத் தோன்றும். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அப்பா இவளைக் 'கேள்வி' என்றே கூப்பிடுவார்.

அப்பா லிப்ட் மெக்கானிக். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ரயில் நிலையத்தில் வெடித்த குண்டின் சிறு துண்டு ஒன்று அவர் நுரையீரல் ஓரமாகத் தங்கிவிட்டது. எடுத்தால் ஆபத்து என்றார்கள். இப்படிப்பட்ட தாக்குதல்களைப் பற்றி அரசுத் துறைகள் வருஷா வருஷம் சட்டசபைக்கு அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று அதன் பிறகு ஒரு சட்டம் வந்தது. அறிக்கை வெளியானதும் அப்பா வாங்கிவந்து நேரே ஏழாம் பக்கத்தைப் பிரிப்பார். அந்த ரயில் நிலையக் கணக்கு அங்கேதான் இருக்கும்: இறந்தவர் பதினொன்று, காயம்பட்டவர் முப்பத்து நான்கு. முப்பத்து நான்குக்குப் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டு, "நான் ஆஜர்!" என்று சிரிப்பார்.

நேற்று அந்தத் துண்டு நகர்ந்துவிட்டது. டாக்டர் கையை விரித்த நிமிஷமே இவளுக்குள் கேள்வி முளைத்தது: இனி அப்பா எந்த எண்ணில்? அறிக்கை தயாரிக்கும் அலுவலகத்துக்குப் போன் செய்தது அதற்குத்தான்.

"அந்தக் காயத்தாலதான் போனாருன்னு வீட்டுல ஒருத்தர் கையெழுத்துப் போடணும்மா," என்றார் அதிகாரி. "அடுத்த அறிக்கையில பதினொன்னு பன்னெண்டாகும்."

"முப்பத்தி நாலு?"

"முப்பத்தி மூணு."

"மொத்தம்?"

"அது மாறாதும்மா. நாப்பத்தஞ்சுதான்."

அவளுக்குச் சுருக்கென்றது. "ஒரு மனுஷன் போயே போயிட்டாரு. மொத்தம் மாறாதா?"

அம்மா எழுந்து வந்தாள். "என்னடி கூத்து இது? குண்டு வச்சவன் கணக்குல உங்கப்பாவைத் தூக்கிக் குடுக்கப் போறியா? ஒம்பது வருஷம் அவனுக்குத் தண்ணி காட்டிட்டு வாழ்ந்தவருடி!"

"எழுதலைன்னா, ஏதோ காய்ச்சல்ல போன மாதிரி ஆயிடும்மா. அந்தக் குண்டு இன்னும் ஆளை எடுக்குதுன்னு சட்டம் போட்டவங்களுக்குத் தெரிய வேணாமா?"

அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். கேள்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா சொல்வதும் நியாயம்தான், தான் சொல்வதும் நியாயம்தான். என்னதான் செய்வது?

"போட்டுத் தொலை," என்றாள் அம்மா கடைசியில்.

கையெழுத்தானதும் அதிகாரி தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். "இந்த வருஷத்து அறிக்கை. நேத்து காலையிலதான் சபையில வச்சாங்க. எப்பவும் ஐயாவே வந்து வாங்கிட்டுப் போவாரு..."

அம்மா வாங்கி ஏழாம் பக்கத்தைப் பிரித்தாள். பதினொன்று. முப்பத்து நான்கு.

"அது பழைய கணக்கும்மா," என்றாள் கேள்வி.

"அச்சடிச்சப்ப இருந்தாருல்ல?"

கொடியில் தொங்கிய அப்பாவின் சட்டைப்பையில் பென்சில் இருந்தது. முனை மழுங்கிப்போயிருந்தது. அம்மா நன்றாக அழுத்தித்தான் டிக் போட வேண்டியிருந்தது.